என் காதில் பதிந்த ஓட்டு

பதினெட்டு வருடமாக ஒரே ஆளிடம் தலையைக் கொடுத்து வருகிறேன். முதல்முதலாகக் கொடுத்தபோது இருந்த முடியில் இப்போது பாதிகூட இல்லை. அதற்கு அவர் பொறுப்பல்ல, எங்கள் அப்பா வழியில் வந்த சொத்து அது. நூலகத்துக்கு எதிரே இருக்கிற ஒற்றை நாற்காலி சலூன்தான் அவருடையது. ஒரு நீளக் கண்ணாடி, எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு. அதில் ஆறு பேர் உட்காரலாம். ஏழாவது ஆள் வந்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். நாற்காலி காலியானதும் பெஞ்சின் வலது ஓரத்து ஆள் எழுந்து போவார், மற்றவர்கள் ஒரு இடம் நகர்வார்கள். இந்த வரிசையை இதுவரை யாரும் மீறியதில்லை. நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதி வைப்பதுதான் என் பிழைப்பு. அப்படி ஓர் ஒழுங்கு எங்கள் டிப்போவில்கூடக் கிடையாது.

சலூன்காரர் நல்ல பேச்சுக்காரர். பேசாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், அரசியல். பெஞ்சில் இரண்டு கட்சிக்காரர்கள் வரிந்து கட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட, "கிருதா இவ்வளவு போதுமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். சுவரில் ஒரு கட்சியின் நோட்டீஸும் ஒட்ட விடமாட்டார். இதைவிடப் பெரிய சங்கதி, இருபத்தாறு வருடமாக அவர் ஓட்டே போட்டதில்லை.

காரணத்தை ஒருமுறை சொன்னார். கடை வைத்த புதிதில் ஒரு தேர்தல். ஆசையாகப் போய் ஓட்டுப் போட்டார், இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். சாதாரண ஆளுக்கு மை வைத்தால் அது அவன் பாட்டுக்கு இருக்கும். சலூன்காரரின் இடது விரல் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு முன்னால்தான் வேலை செய்கிறது. தாடையைத் தூக்குவதும் அதுதான், காதை மடிப்பதும் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் மையைப் பார்த்தார்கள், பார்த்ததும் யாருக்குப் போட்டாய் என்று கேட்டார்கள். இவரும் வெள்ளந்தியாக உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த மை மறைவதற்குள் பாதி வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அன்றைக்கு முடிவெடுத்தவர்தான். நடுவில் ஒரு தேர்தலில், கால் விரலில் மை வைப்பார்களா என்று வாக்குச்சாவடியில் விசாரித்துப் பார்த்தாராம். மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஓட்டுப் போடாததற்கு இப்படி ஒரு கதைகூடக் கிடையாது. எவன் வந்தாலும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு மத்தியானம் வரை தூங்குவேன். மூன்று தேர்தலாக அப்படித்தான் போயிற்று.

இந்தத் தடவை வில்லங்கம் அவர் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியது. அவர் மனைவி தேர்தலில் நின்றுவிட்டார்.

அந்த அம்மாவை ஊரில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கிளினிக்கில் ரத்தம் எடுப்பதும் ஊசி போடுவதும் அவர் வேலை. எங்கள் வார்டில் தலைகளெல்லாம் கணவர் கையில், கைகளெல்லாம் மனைவி கையில். எடுத்த ரத்தத்தைப் பெட்டியில் வைத்துப் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். அந்தப் பாலத்தில் நாலு வருடமாக மூன்று படி இல்லை. இருந்த இடத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மழை பெய்த ஒருநாள் ஊசியக்கா அதில் வழுக்கி உட்கார்ந்தார். ஊசியக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டியிலிருந்த குழாய்கள்தான் நொறுங்கின. பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடியும் குத்த வேண்டியதாயிற்று. அதில் ஒருவனாக நானும் இருந்தேன், என் பங்குக்கு நானும் திட்டினேன்.

அதற்குப் பிறகு ஊசியக்கா கவுன்சிலரைப் பதினோரு தடவை போய்ப் பார்த்தார். மனிதர் தங்கமானவர், சிரித்த முகம், ஒருநாளும் முடியாது என்று சொல்லமாட்டார். "பாத்துக்கலாம்மா" என்பார். பன்னிரண்டாவது தடவை போனபோது அவர் இல்லை. காத்திருந்த நேரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பழைய தேர்தல் முடிவை ஊசியக்கா படித்துவிட்டார். வார்டில் ஓட்டுரிமை உள்ளவர்கள் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. ஓட்டுப் போட்டவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. ஜெயித்தவருக்கு விழுந்தது இருநூற்று முப்பத்தொன்று.

நேராக சலூனுக்கு வந்தார். நான் நாற்காலியில் இருந்தேன்.

"இருநூத்தி முப்பத்தொண்ணாம்ங்க. ஒரு மாசத்துல நான் குத்துற கை அதை விட ஜாஸ்தி," என்றார். "அந்தாளு நம்மள ஜெயிக்கல. நம்ம தூக்கத்தைத்தான் ஜெயிச்சிருக்காரு."

என் தூக்கத்தைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குச் சுருக்கென்றது. சலூன்காரர் வழக்கம்போல என் கிருதாவைப் பற்றி விசாரித்தார்.

ஊசியக்கா மனுத் தாக்கல் செய்தார், ஏணிச் சின்னம் கிடைத்தது. படியில்லாத பாலத்துக்கு ஏணிதான் பொருத்தம் என்று தெருவே சிரித்தது. கிளினிக்கில் கைக்குப் பஞ்சு வைக்கும்போதே ஒரு நோட்டீஸும் வைத்துக் கொடுத்தார். ஆனால் கணவர் கடைக் கண்ணாடியில் அந்த ஏணிக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம், உனக்கு மட்டும் எப்படி மாற்றுவது என்று கேட்டுவிட்டார் இவர். எனக்கே கோபம் வந்தது. ஊசியக்கா கோபித்துக்கொள்ளவில்லை, முகம்தான் வாடிவிட்டது.

"எனக்காக நீங்க யார்கிட்டயும் ஓட்டுக் கேக்க வேணாம்," என்றார். "உங்க ஓட்ட மட்டும் எனக்குப் போடுங்க. மத்த யாரு போடலைன்னாலும் தாங்கிக்குவேன்."

சலூன்காரர் தலையை ஆட்டினார். அது ஆமாம் ஆட்டலா இல்லை ஆட்டலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தேர்தல் நாள் வந்தது. அன்று எல்லோருக்கும் விடுமுறை, சலூனுக்கு அறுவடை. முடி வெட்டிக்கொள்ள ஒரு நாள் கிடைத்ததே என்று ஊரே வந்துவிடும். எதிரே நூலகத்தில்தான் எங்கள் பக்கத்து வாக்குச்சாவடி. அங்கே வாசல் வெறிச்சோடிக் கிடக்க, இங்கே பெஞ்சு நிரம்பி வழிந்தது. ஊசியக்கா காலையிலேயே பாலம் தாண்டி அந்தப் பக்கத்துச் சாவடிக்குப் போய்விட்டார். முழங்கால் வலிக்காரர்களெல்லாம் அங்கேதான் அதிகம்.

நான் மூன்று மணிக்குப் போனேன். நாற்காலி கிடைத்தபோது நாலேகால். என் இடப்பக்கத்து முடியை முடித்துவிட்டு அவர் வலப்பக்கம் வந்த நேரம், சாவடிக் காவலர் தெருவைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தார். சீக்கிரம் ஒரு ஷேவ் ஆகுமா என்று கேட்டார். அங்கே வேலை இல்லையா என்று பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள். காலையிலிருந்து வந்தது நூற்றுப்பதினெட்டுப் பேர்தான், எல்லோரும் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்றார் காவலர்.

கத்தரி நின்றது. சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் பெஞ்சு தெரிந்தது, பெஞ்சில் ஆறு பேர், மடியில் பன்னிரண்டு கைகள். ஒரு விரலிலும் மை இல்லை. போர்வைத் துணிக்குள் இருந்த என் கையைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன.

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கத்தரியை வைத்தார். "இருங்க, வந்துடறேன்."

யாரையும் கூப்பிடவில்லை. யாருக்கும் போடச் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிவிட்டார். அட்டையைக் கடையில் கொண்டுவந்து வைத்திருந்தார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மனிதன், மறு பக்கம் காடு. கழுத்தில் வெள்ளைத் துணி. சலூன்காரர் இல்லாத சலூனில் நான் யாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? எழுந்து அவர் பின்னாலேயே போனேன். நான் எழுந்ததும் பெஞ்சின் வலது ஓரத்து ஆள் எழுந்தார். அவர் எழுந்தால் அடுத்தவர் நகர்ந்தாக வேண்டும். இத்தனை வருடப் பழக்கம், உடம்பு தானாக எழுந்துவிட்டது. தங்கள் இடம் போய்விடக்கூடாதே என்ற கவலையில் ஆறு பேரும் அதே வரிசையில் தெருவைத் தாண்டி, அதே வரிசையில் நூலக வாசலில் நின்றார்கள். அட்டை எடுத்துவர வீட்டுக்கு ஓடியவர்களின் இடத்தை மற்றவர்கள் காபந்து பண்ணினார்கள்.

நூலகத்தின் முன்னால் வரிசை என்ற ஒன்றை எங்கள் தெரு பார்த்து வெகுகாலம் ஆகிறது. அதுவும் அரைத்தலையோடு, வெள்ளைத் துணியோடு ஓர் ஆள் நிற்கிற வரிசை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். என்ன கொடுக்கிறார்கள் என்று ஓர் அம்மா கேட்டார். ஓட்டு என்றேன். "தீந்துடுமா?" என்றார். அஞ்சு மணிக்குத் தீந்துடும் என்றேன். அவர் ஓடிப்போய் வீட்டுக்காரரை எழுப்பிக்கொண்டு வந்தார். வரிசையைப் பார்த்தால் நம்மவர்களுக்கு நிற்காமல் இருக்க முடியாது. அஞ்சு மணிக்குச் சாவடிக் கதவை மூடியபோது வால் தெரு முனை வரை போயிருந்தது. நின்ற எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்து, ஓட்டுப் போடவைத்துத்தான் அனுப்பினார்கள். ஈ ஓட்டிய காவலருக்கு ஷேவ் செய்துகொள்ள நேரமே கிடைக்கவில்லை.

எனக்கு முன்னால் சலூன்காரர் போட்டார், அவருக்குப் பின்னால், சட்டைப் பையில் இருந்த டிப்போ அடையாள அட்டையைக் காட்டி, நான். மை வைத்த விரலை அவர் உயர்த்திப் பிடித்தபடி வெளியே வந்தார், குழந்தை பலூனைப் பிடித்து வருகிற மாதிரி. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். கடைக்குத் திரும்பி என்னை உட்காரவைத்தார், மறுபாதியை முடித்தார், காதை மடித்துப் பின்னால் சுத்தம் செய்தார். வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஷேவ் செய்யும்போதுதான் பார்த்தேன். வலது காதின் மேல்மடலில் ஊதா நிறத்தில் ஒரு கறை. சோப்புப் போட்டேன், போகவில்லை. என் மனைவி எலுமிச்சம்பழம் தேய்த்தாள், எரிந்ததுதான் மிச்சம். இதோடு டிப்போவுக்குப் போனால் மானம் கப்பலேறும் என்று ஆத்திரத்தோடு நேரே சலூனுக்குப் போனேன்.

சலூன்காரர் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் இடது கையை நீட்டிக் காட்டினார். விரல் வெள்ளை வெளேரென்று இருந்தது. நடந்தது இதுதான். கடைக்குத் திரும்பியதும் கை தன் பழக்கப்படி மருந்துத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போய்விட்டது. ஒரு தலையைத் தொடும் முன் கையை அதில் முக்கித் துண்டில் துடைப்பது அவருடைய இருபத்தாறு வருட ஒழுக்கம். மை காய்ந்திருக்கவில்லை. நாள் முழுக்க எண்ணெயில் ஊறிய விரலில் அது பிடிக்கவுமில்லை. சாயங்காலம் ஊசியக்கா களைத்துப்போய் வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது அந்த விரலைத்தான். போட்டேன் என்று இவர் சொன்னார். "சரி" என்று அவர் சொன்னார். கல்யாணமானவர்களுக்கு அந்த சரியின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

"உங்க கூடத்தானேண்ணே போட்டேன். சொன்னா நம்பமாட்டேங்கிறா," என்றார். "நீங்க வந்து சொன்னாலும் என் பக்கம் பேசுறீங்கன்னுதான் நெனைப்பா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, கிண்ணத்தில் கரைந்தது போக மிச்ச மை என் காதில் இறங்கியிருக்கிறது. திரும்பி உட்கார்ந்து காதைக் காட்டினேன். பக்கத்தில் வந்து பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். கடையைப் பூட்டினார்.

அரை மணியில் நான் கிளினிக்கில் இருந்தேன். ஊசியக்கா ஒரு பெரியவர் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். முடித்து, பஞ்சு வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார். சலூன்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தன் வழக்கப்படி இடது ஆள்காட்டி விரலால் என் காதை மடித்துக் காட்டினார். விரல் கறையின் மேல் அச்சாகப் போய் உட்கார்ந்தது. ஊசியக்கா குனிந்து பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பெரியவர் நினைத்திருப்பார்.

"கறை ரெட்டையா இருக்கு, ரெண்டு தடவ மடிச்சிருக்கீங்க," என்றார் கடைசியில். "நீங்க ஒரு தடவதானே மடிப்பீங்க?"

"ரெண்டாவது தடவ மடிக்கும்போது கையில கவனம் இல்ல. நீ ஜெயிப்பியான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

ஊசியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பும் கண்ணீருமாக என் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலித்தது. சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து எண்ணினார்கள். கவுன்சிலருக்கு முந்நூற்றுப் பதினெட்டு, ஊசியக்காவுக்கு முந்நூற்றொன்று. பதினேழு ஓட்டில் போயிற்று. நான் இருக்கிற குடியிருப்பில் மட்டும் அன்றைக்குப் படுத்துத் தூங்கியவர்கள் இருபது பேர் தேறுவார்கள், ஒவ்வொருவர் கதவையும் தட்டித் திட்டலாமா என்றிருந்தது. நானே மூன்று தேர்தலாகத் தூங்கியவன் என்பது நினைவுக்கு வந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். ஊசியக்கா அசரவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று படிக்கிற குரலில் "பதினேழு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, காத்திருந்த அடுத்த ஆளைக் கையை நீட்டச் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை கவுன்சிலர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். அவரும் சலூன்காரரிடம் பல வருடமாகத் தலையைக் கொடுப்பவர்தான். பெஞ்சில், ஷேவுக்கு வந்த என்னையும் சேர்த்து, ஆறு பேர் இருந்தோம், அவர் ஏழாவதாக மூச்சைப் பிடித்து உட்கார்ந்து தன் முறை வந்ததும் நாற்காலிக்குப் போனார். முடித்துக்கொண்டவர்களில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கதவோரம் நின்றோம். அவர் சிரித்த முகமாகக் கண்ணாடியில் சலூன்காரரின் இடது கையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, விரல்ல மையே இல்ல? சம்சாரத்துக்குக் கூடப் போடலையா?"

தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி யாருக்கும் கிடைக்காது. விரல் சுத்தம். சும்மா சிரித்திருந்தால் போதும், இல்லையென்றால் கிருதாவைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஒரு வாடிக்கையும் போயிருக்காது. சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார்.

"போட்டேண்ணே. அவளுக்குத்தான் போட்டேன்," என்றார். "பாலத்துல படி இல்ல, அதான்."

"அப்ப மை எங்க?"

சலூன்காரர் சீப்பால் என்னைச் சுட்டினார். நான் தலையைத் திருப்பிக் காதைக் காட்டினேன். வெயில் பட்டுப் பட்டு அது இப்போது நன்றாகக் கறுத்திருந்தது. கவுன்சிலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கதவோரம் நின்றிருந்த ஒருவர் தன் விரலைத் தூக்கிக் காட்டினார். பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். யாருக்குப் போட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கவுன்சிலர் கண்ணாடியில் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாக அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது.

"எத்தன படி இல்ல?" என்றார்.

"மூணுண்ணே."

"முன்னாடி கொஞ்சம் கம்மி பண்ணு," என்றார்.

புதன்கிழமை பாலத்தில் சிமென்ட் மூட்டை வந்து இறங்கியது. அடுத்த வாரம் படி காய்ந்த அன்று ஊசியக்கா ரத்தப் பெட்டியோடு ஏறி அந்தப் பக்கம் போனார், இறங்கி இந்தப் பக்கம் வந்தார், நேரே சலூனுக்குள் நுழைந்தார். கைப்பையில் மிச்சமிருந்த ஏணி நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினார். நாங்கள் எல்லோரும் சலூன்காரரைப் பார்த்தோம். அவர் நோட்டீஸைப் பார்த்தார், ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அதை இடது ஆள்காட்டி விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, நாற்காலியில் இருந்த என் காதை மடித்தார்.

அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாலு வருடம் பதினோரு மாதம் இருக்கிறது. நோட்டீஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.